நான் போடாத கோடுகள்

காற்றாலைகள்தான் எங்கள் மழையை விரட்டுகின்றன என்று ஊருக்கு நிரூபித்துக் காட்டியவள் நான். ஹௌசா என்றால் சும்மாவா? அடுப்படிச் சுவரில் கணக்கு வைத்திருந்தேன். மேட்டில் ஐந்து காற்றாலைகளும் சுற்றிய நாளுக்கு ஒரு கரிக்கோடு. அன்று மேகம் வந்து பெய்யாமல் போனால் பக்கத்தில் சுண்ணாம்புப் பொட்டு. இரண்டு வருஷத்தில் பொட்டு விழாத கோடு அநேகமாக இல்லை. சாத்தாரா டவுனிலிருந்துகூட ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாவது வருஷமும், மழை தொடங்கவேண்டிய மிருகசீரிட நாட்கள் காய்ந்து போயின, அடுத்து வந்த திருவாதிரையும் காய்ந்தது. ஒரு மத்தியானம், முன்னாள் ஊர்த்தலைவர் தாத்யா முப்பது பேரோடு என் வாசலில் வந்து நின்றார். கையில் மண்ணெண்ணெய் கேன்.

"சுவரே சொல்லுது, இனி யாரைக் கேக்கணும்? நாலு மணிக்குக் காத்து கிளம்பும், நாமளும் கிளம்புறோம். மேல சுவிட்செல்லாம் இருக்கிற கொட்டகையக் கொளுத்திட்டா அஞ்சும் நின்னுடும்."

அந்தக் கொட்டகையில் காவல் இருப்பவன் என் தம்பி மஹாது.

"உன் தம்பிய இறங்கி வரச் சொல்லிடு ஹௌசா. வரலைன்னா அவன் பாடு," என்றார்.

சோள ரொட்டியும் மிளகாய்த் துவையலும் துணியில் முடிந்துகொண்டு மேட்டில் ஏறினேன்.

மஹாது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே ரொட்டியைப் பிட்டான். "வரமாட்டேன்க்கா. விட்டுட்டு ஓடினா நாளைக்கு எவன் வேலை கொடுப்பான்?"

"உசுரு இருந்தாத்தானடா வேலை."

"சரி, ஒண்ணு சொல்லு. போன ஆடியில கேபிள் போயி பதினோரு நாள் அஞ்சும் நின்னுச்சு. இதோ, பதிவேட்டுல இருக்கு. அந்தப் பதினோரு நாளுக்கு உன் சுவத்துல என்ன இருக்கு?"

சுற்றாத நாளில் நான் கரியையே தொட்டதில்லை. ஆனால் அந்த நாட்கள் நன்றாக நினைவில் இருந்தன. மழை கொட்டவேண்டிய ஆடியில் எவளாவது வடகம் காயவைப்பாளா? நான் காயவைத்தேன். மேகம் அப்போதும் வந்தது, அப்போதும் போனது. வடகத்தில் ஒரு சொட்டு விழவில்லை.

"படுபாவி, இதை முன்னாடியே ஏன்டா கேக்கல?"

"நீ யாரைக் கேக்க விட்ட?"

அதற்குள் கூட்டம் வந்துவிட்டது. என் புருஷன் பிகுவும் அதில் இருந்தார். கொட்டகை வாசலை மறித்து நின்றேன்.

"சுவரு தப்பு. நான் பாதிதான் எழுதினேன். இது நின்ன நாள்லயும் மழை இல்ல."

தாத்யா நிதானமாகச் சொன்னார்: "தம்பிக்குச் சம்பளம் கொடுக்கிறவன் அக்காவையும் கவனிச்சுட்டான்போல."

யாரோ எறிந்த கல் தகரத்தில் பட்டு விழுந்தது. பிகு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் வரை என் பேச்சு இவர்களுக்கு வேதமாக இருந்தது. இப்படி யோசிக்கக் கற்றுக்கொடுத்ததும் நான்தான். கேன் மூடியைத் திருகும் சத்தம் கேட்டது.

மேற்கே ஒரு கருமேகம் ஏறிக்கொண்டிருந்தது.

"மஹாது, அஞ்சையும் நிறுத்து," என்றேன்.

"என் வேலை போயிடும்க்கா."

"நிறுத்துடா. பெய்யுதான்னு எல்லாரும் பாக்கட்டும்."

அவன் என்னைப் பார்த்தான், கேனைப் பார்த்தான். உள்ளே போனான். இறக்கைகள் தளர்ந்து, ஒவ்வொன்றாக நின்றன. முப்பது பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. என் சுவரே ஜெயிக்கட்டும், பெய்தால் போதும் என்று நானும் வேண்டிக்கொண்டேன். மேகம் தலைக்கு மேல் வந்தது. அதன் நிழல் எங்களைக் கடந்து, ஊரைக் கடந்து, கிழக்கே போய்விட்டது.

"அடுத்த மலையில காத்தாலை ஓடுதே, அதான்," என்றார் தாத்யா. யாரும் ஆமாம் போடவில்லை. இரண்டு பேர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் கேன் இறங்கிப் போனது. கூட்டமும் பின்னாலேயே போனது.

பிகு மட்டும் நின்றார். "அப்ப எதனாலதான் பெய்யல, ஹௌசா?"

இரண்டு வருஷமாக எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தவள் நான். "தெரியல," என்றேன். சொல்ல நாக்கு கூசியது.

மறுநாளே மஹாதுவை வேலையிலிருந்து நீக்கினார்கள். அவன் இப்போது எங்களோடுதான் இருக்கிறான். தாத்யா என் வாசல் பக்கம் வருவதில்லை.

வீட்டில் ஒரே ஒரு மூட்டை விதைக்கம்பு இருந்தது. மழைக்கு முன்பே புழுதியில் விதைத்தால், முதல் மழையிலேயே முளைக்கும். மழை வராவிட்டால் எறும்புக்குப் போகும்.

"வரும்னு உனக்குத் தெரியுமா?" என்றார் பிகு.

"தெரியாது. ஏரைக் கட்டுங்க."

பிகு உழுதார், மஹாது பின்னால் விதையைப் போட்டான், நான் மண்ணை மூடினேன். பாதி மூட்டையில் எனக்கு அழுகை வந்துவிட்டது. இருவரும் பார்க்காத மாதிரி போய்க்கொண்டிருந்தார்கள்.

விதைத்து இன்றோடு எட்டு நாள். காலையில் ஒரு மேகம் வந்து போனது. கை தானாகக் கரித்துண்டைத் தேடி எடுத்தது. அதை அடுப்பில் போட்டு, மஹாதுவுக்கு ரொட்டி சுட்டேன்.