ப்ரெண்டின் பெயரில் எண்ணூறு மணி நேரம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கொலெட் தெஜார்லே என்ற பெண் டீசல் இன்ஜின்களில் செய்த எண்ணூறு மணி நேர வேலையை, ப்ரெண்ட் என்ற ஆளின் பெயரில் தட்டச்சு செய்தவன் நான். அவளைப் பற்றி நான் எழுதிய முதல் புனைவு அதுதான். இது இரண்டாவது.

கனடாவில், மானிடோபா மாகாணத்தின் மேற்கில், நெடுஞ்சாலையை ஒட்டிய லாரிப் பட்டறை ஒன்றில் பத்தொன்பது வருடமாக உதிரிபாகக் கவுன்ட்டரில் இருக்கிறேன். தனபால் என்ற என் பெயரை அங்கே யாரும் முழுசாகச் சொன்னதில்லை. டானி.

2

ஆரம்பத்தை மூன்று தடவை எழுதிப் பார்த்தேன்.

"கொலெட் துணிச்சல்காரி. ஆண்கள் மட்டுமே இருந்த அந்தப் பட்டறைக்குள் அவள் காலடி வைத்தபோது—"

[வேண்டாம். அவள் துணிச்சலைக் காட்ட வரவில்லை. முதியோர் இல்லத்தில் சமைத்துக்கொண்டிருந்தாள். முப்பத்தெட்டு வயது, இரண்டு பெண் பிள்ளைகள். சம்பளம் வாங்கிக்கொண்டே தொழில் பழகலாம் என்று தெரிந்ததும் வந்தாள். அவ்வளவுதான்.]

நான்கு வருடத் தொழிற்பயிற்சி. வருடத்துக்கு எட்டு வாரம் கல்லூரி, மீதி நாளெல்லாம் பட்டறை. எந்த வேலையில் எத்தனை மணி நேரம் பழகினாள் என்று பட்டறைதான் மாகாண அலுவலகத்துக்கு எழுதி அனுப்ப வேண்டும். இன்ஜின் வேலை குறைவாக இருந்தால் கடைசித் தேர்வு எழுத விடமாட்டார்கள்.

3

போர்மேன் ஓரெஸ்ட் முதல் நாளே அவளுக்குப் பெயர் வைத்துவிட்டார்.

"ஏய் சூப்புக்காரி, கைல இருக்கறது கரண்டி இல்ல. ஸ்பானர்."

"தெரியுது ஓரெஸ்ட். கரண்டின்னா எடுத்த இடத்துல வெப்பேன். உன் ஸ்பானர் எங்க கெடக்குன்னு உனக்கே தெரியல."

பட்டறையே சிரித்தது. ஓரெஸ்டும் சிரித்தார்.*

* அவர்கள் பேசியது தமிழில்லை. அறுபது வயதுக்காரரை அவள் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டாள்; அங்கே எல்லோரும் அப்படித்தான். 'அண்ணே' என்று ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால் உங்களுக்கு அவர்மேல் கொஞ்சம் பாசம் வந்திருக்கும். அதனால் சேர்க்கவில்லை.

4

அவளுக்கு வேலை தெரியும் என்பதற்கு ஒரு சம்பவமாவது வேண்டும்.

மூன்றாம் வருடம், ஜனவரி. தானியம் ஏற்றும் லாரி ஒன்று கரும்புகை கக்கிக்கொண்டு வந்தது. சுமையோடு இழுக்கவில்லை. ப்ரெண்டும் அவளைப் போலவே மூன்றாம் வருடத்தில் இருந்தான்; ஓரெஸ்டின் மகளைக் கட்டியவன். டீசல் பில்டரை இரண்டு முறை மாற்றினான். புகை நிற்கவில்லை. கொலெட் பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து, காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் குழாய் நெடுகத் தெளித்தாள். உள்ளே காற்றை அடைத்ததும் ஒரு மடிப்பில் நுரை பொங்கியது.

"இந்தா பாரு, இங்கதான் ஒழுகுது," என்றாள். "காத்து போதல அதுக்கு. மூச்சு முட்டுது பாவம்."

பிறகு அதே லாரியின் வால்வு இடைவெளிகளைச் சரிசெய்தாள், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றி மாட்டினாள். மூன்று நாள். என் கவுன்ட்டருக்குப் பின்னால் பட்டறையைப் பார்த்தபடி ஒரு கண்ணாடி ஜன்னல் இருக்கிறது. எல்லாம் கண்ணால் பார்த்தேன்.

மாதக் கடைசியில் ஓரெஸ்ட் எழுதித் தந்த தாளைப் பார்த்து நான் தட்டச்சு செய்தது: ப்ரெண்ட், இன்ஜின், இருபத்திரண்டு மணி. கொலெட், கிரீஸ் அடித்தல், தரை கழுவுதல், இருபத்திரண்டு மணி.

5

முந்தைய வரைவில் ஓரெஸ்ட் என்னை மிரட்டினார். 'ஊரைப் பார்த்துப் போய்விடு' என்று உறுமினார். நன்றாகவே வந்திருந்தது அந்தப் பகுதி. பொய் என்பதால் நீக்கிவிட்டேன். அவர் எனக்குக் காபி வாங்கி வந்தார்.

"ரெண்டு பேரும் ஒரே வண்டிலதானே நின்னாங்க, டானி. யார் பேர்ல போட்டா என்ன? அவனுக்குக் கொழந்த பொறக்கப் போகுது. அவ மெதுவாப் பண்ணிக்கட்டும்."

அவளுக்கும் பிள்ளைகள் உண்டென்று நான் சொல்லவில்லை. காபியில் சர்க்கரை அளவாக இருந்தது. அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் தாள் அப்படியே வந்தது. நானும் அப்படியே அடித்தேன்.

6

நான்காம் வருடக் கடைசியில் மாகாண அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இன்ஜின் வேலை போதவில்லை, தேர்வு எழுத முடியாது. கொலெட் அதைக் கவுன்ட்டரில் விரித்து வைத்தாள். கையில் கிரீஸ், கடிதத்தின் ஓரத்தில் விரல் பதிந்தது.

"நாலு வருஷமா நான் தரையா கழுவிட்டிருந்தேன், டானி?"

"ஓரெஸ்ட் குடுத்த தாளத்தான் அடிச்சேன்."

"ஜன்னல் வழியாப் பாத்துட்டுதானே உக்காந்திருந்தே?"

"மாசாமாசம் அந்தப் பதிவ நீயும் பாத்திருக்கலாமே..."

அவள் கடிதத்தை மடித்தாள்.

"ஓரெஸ்ட் அடிச்சிருந்தா பாத்திருப்பேன். நீ அடிக்கறேன்னுதான் பாக்கல."

[இங்கே நான் தலைகுனிந்தேன் என்று எழுதியிருந்தேன். குனியவில்லை. போன் அடித்தது, எடுத்தேன்.]

7

அவள் முறையிட்டாள். விசாரணை அதிகாரி எனக்கு போன் செய்தார்; பொறுமையான குரல். பட்டறைக்குள் யார் என்ன வேலை செய்தார்கள் என்று எனக்குத் தெரியுமா?

"நான் உள்ள போறதில்லைங்க. எனக்குத் தெரியாது."

நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. முறையீடு தள்ளுபடியானது. ப்ரெண்ட் தேறி மெக்கானிக் ஆனான். கொலெட் தன் ஸ்பானர் பெட்டியை ஒற்றை ஆளாகத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள். யாரும் உதவிக்குப் போகவில்லை. நானும்தான்.

8

உங்களுக்குப் பிடித்த முடிவுகள் சில கைவசம் இருக்கின்றன.

கொலெட் சொந்தப் பட்டறை வைத்தாள். [இல்லை. வடக்கே வேறொரு ஊரில், நாற்பத்திரண்டு வயதில், மறுபடி இரண்டாம் வருடத்தில் சேர்ந்திருக்கிறாள்.]

ப்ரெண்ட் ஒரு லாரியைக் கெடுத்து அவமானப்பட்டான். [இல்லை. வேலையைச் சுமாராகக் கற்றுக்கொண்டுவிட்டான். நல்ல மாதிரியான ஆள். என் கார் பனியில் சிக்கினால் இழுத்துவிடுகிறான்.]

ஓரெஸ்ட் கடைசியில் மனம் வருந்தி— [ஓய்வு பெற்றுவிட்டார். மீன் பிடிக்கிறார்.]

9

இந்த மாதத் தொடக்கத்தில் கொலெட்டிடமிருந்து ஒரு துண்டுக் கடிதம் வந்தது. அவள் எழுதியதை அவள் பேசுவது போலவே தருகிறேன்:

"முறையீட்ட மறுபடி எடுத்துக்கறதுக்கு இந்த மாசம் முப்பது வரைக்கும் நேரம் குடுத்திருக்காங்க. பாத்த ஆள் ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டா போதுமாம். நீ எழுத மாட்டேன்னு தெரியும். கேக்காம விட்டுட்டேன்னு இருக்கக் கூடாதுல்ல, அதான்."

அன்று மாலையே எழுத உட்கார்ந்தேன். எழுதியது இதுதான். ஒரு பக்கத்துக்கு மேலேயே வந்துவிட்டது. ஜன்னல், சோப்புத் தண்ணீர், இருபத்திரண்டு மணி நேரம், ஒன்றையும் விடவில்லை. அந்த அதிகாரியால் ஒரு எழுத்துக்கூடப் படிக்க முடியாத மொழியில், கொலெட்டாலும் படிக்க முடியாத மொழியில், இத்தனை சுத்தமாக உண்மையைச் சொல்லியிருக்கிறேன். இரண்டாவது பத்தியில் நடையை மூன்று தடவை திருத்தினேன்.

இன்று இருபத்தேழு.

முடிவை நான் எழுதப் போவதில்லை. டானி அந்த ஒரு பக்கத்தை ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினானா என்று என்னிடம் கேட்காதீர்கள். இவ்வளவு நேரம் அவன் பேசியதைக் கேட்டீர்களே, நீங்களே சொல்லுங்கள்.