சில்லுகள் கேட்ட கேள்வி

அந்தக் கோடையில் நகரத்துத் துணி துவைக்கும் இயந்திரங்கள், வேலை முடிந்ததும் கீச்சிடுவதை விட்டுவிட்டு, "இன்னைக்காவது சீக்கிரம் வருவியா?" என்று ஓர் ஆண் குரலில் கேட்கத் தொடங்கின. முதல் வாரம் ஜனங்கள் திடுக்கிட்டார்கள். அடுத்த வாரம் பதில் சொல்லப் பழகிவிட்டார்கள். பின்னால் நகரும் லாரி, வாசல் மணி, அலாரக் கடிகாரம், காய்ச்சல் பார்க்கும் கருவி என்று ஒலி எழுப்புகிற சாமான் எதுவானாலும் அதே கேள்வியைத்தான் கேட்டது. காய்ச்சல் பார்க்கும் கருவி கேட்டபோது மட்டும் சில நோயாளிகள் அதைக் கெட்ட சகுனமாக எடுத்துக்கொண்டு மருத்துவமனையை மாற்றினார்கள். இதனால் ஒரு நல்லதும் நடந்தது. கணக்கு அலுவலகங்களில் பொழுது சாய்ந்த பிறகு ஆள் தங்கவில்லை. காவலாளிகள் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து மணிக்கே தயாராக நின்றார்கள்.

குரலுக்குச் சொந்தக்காரர் நீர் வாரியத்தில் குழாய் வரைபடம் வரைகிறவர். கேள்வி அவருடைய மனைவிக்கானது. மனைவி ஆராய்ச்சிக்கூடத்தில் பொருளறிவியல் விஞ்ஞானி. பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டிருந்ததை நம்பித் தெருவில் தலைவலி, வயிற்றுவலிக்காரர்கள் வந்து பார்த்தார்கள். அவர் செய்வது மாத்திரை இல்லை, சட்டைப் பொத்தான் அளவுக்குப் பீங்கான் சில்லு என்று தெரிந்ததும், 'சில்லு டாக்டரம்மா' என்று பட்டம் கட்டிவிட்டுத் திரும்பிப் போனார்கள். பட்டம் ஒட்டிக்கொண்டது. அந்தச் சில்லை அழுத்தினால் மின்சாரம் வரும், மின்சாரம் கொடுத்தால் அது அதிர்ந்து சத்தம் போடும் என்று அவர் எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறார். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு, தலைவலிக்கு என்ன போடலாம் என்று கேட்டார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் டாக்டரம்மா படிகம் வளர்த்தவர். கரைசல் தொட்டிக்குள் ஒரு கடுகளவு விதைப் படிகத்தை நைலான் நூலில் கட்டித் தொங்கவிட்டு, தொட்டியின் சூட்டை நாளுக்கு ஒரு இம்மியாகக் குறைத்துக்கொண்டே வரவேண்டும். கதவை ஓங்கிச் சாத்தினால் போச்சு. அதனால் அந்த அறையின் கதவுக்குக் கம்பளித் துணி அடித்திருந்தது. ஆராய்ச்சிக்கூடத்து இயக்குநரே வெளியே நின்று தும்மிவிட்டுத்தான் உள்ளே வருவார். மகள் வயிற்றில் இருந்த காலத்தில் ஒரு படிகம் கட்டைவிரல் அளவுக்கு, கண்ணீர் மாதிரித் தெளிவாக வளர்ந்தது. வெளியே எடுத்த நொடியில், அறையின் குளிர்காற்று பட்டு, குறுக்கே விரிசல் விட்டுப்போனது. மகள் நல்லபடியாகப் பிறந்தாள் என்பதால் யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. பிறகு படிகத்துக்குக் கொடுத்துவந்த பணத்தைப் பீங்கானுக்குக் கொடுக்க ஆரம்பித்தார்கள். டாக்டரம்மாவும் பீங்கானுக்கு மாறினார். பொடியை நிறுத்து, அரைத்து, வறுத்து, அழுத்தி, சூளையில் சுட்டு, இரண்டு பக்கமும் வெள்ளி பூசி, மறுபடி பொடியை நிறுத்து என்று வருஷங்கள் போயின. அலுப்பாக இல்லையா என்று மகள் ஒருமுறை கேட்டபோது, அதை யோசிக்க உட்கார்ந்தால் சூளை ஆறிவிடும் என்றார்.

சுட்ட சில்லு அப்படியே உதவாது. அதன் உள்ளே இருக்கும் நுண்ணிய பகுதிகள், கூட்டம் முடிந்து கலைகிற ஜனம் போல, ஆளுக்கொரு திசை பார்த்துக்கொண்டிருக்கும். சூடான எண்ணெயில் மூழ்கவைத்து, பல ஆயிரம் வோல்ட் கொடுத்தால் எல்லாம் ஒரே பக்கம் திரும்பும். அதோடு முடிந்துவிடாது. மின்சாரத்தை நிறுத்தாமல் எண்ணெயை மெதுவாக ஆறவிட வேண்டும். பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பினால் எல்லாம் பழைய திசைக்கே திரும்பிக்கொள்ளும். டாக்டரம்மா தினமும் தாமதமாக வீட்டுக்கு வந்ததற்கு இது ஒன்றுதான் காரணம். கணவர் நேரத்துக்கு வந்து, சமைத்து, மகளுக்குப் போட்டுவிட்டு, தினமும் போன் செய்து அந்தக் கேள்வியைக் கேட்பார். தினமும் "வந்துடறேங்க, ஆறினதும் கிளம்பிடுவேன்" என்ற பதில் கிடைக்கும்.

ஒரு நாள் பெரிய தொகுதி ஒன்று எண்ணெயில் இருந்தது. ஒலிப்பான் செய்யும் தொழிற்சாலைக்காக, முதல் தடவையாக ஆயிரக்கணக்கில் செய்த சில்லுகள். எப்போதும் போனை வெளியே வைத்துவிட்டு வருகிற டாக்டரம்மா அன்று மறந்துவிட்டார். இரண்டு கையிலும் தடித்த ரப்பர் உறை. மூக்கு நுனியால் போனை அழுத்தி, சத்தமாகப் பேசவிட்டு, எண்ணெய்த் தொட்டிக்குப் பக்கத்திலேயே வைத்தார். அன்று கணவருக்குப் பிறந்தநாள். அது டாக்டரம்மாவுக்கு ஞாபகம் இல்லை, கணவரும் சொல்லவில்லை. அந்த ஒரு கேள்வியை மட்டும், இத்தனை வருஷத்துக் கோபத்தையும் ஆசையையும் சேர்த்து ஒரு தடவை கேட்டுவிட்டு வைத்துவிட்டார். சில்லுகள் அப்போதுதான் திரும்பிக்கொண்டிருந்தன. எல்லாம் அந்தக் குரல் வந்த பக்கமாகத் திரும்பி, அப்படியே ஆறிவிட்டன.

மறுநாளிலிருந்து கணவர் போன் செய்யவில்லை. கேட்கக்கூடாது என்று வைராக்கியம் எதுவும் இல்லை. அந்தக் கேள்வி அவரிடம் இல்லை, அவ்வளவுதான். சமைத்தார், சாப்பிட்டார், விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தார். முதல் சில மாதங்கள் டாக்டரம்மாவுக்கு இது பெரிய நிம்மதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நிம்மதியாக வேலை செய்தார், இன்னும் தாமதமாக வந்தார். பிறகு அந்தக் கோடை வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டு இயந்திரமே துவைத்து முடித்துவிட்டுக் கேள்வியைக் கேட்டது. மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கணவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கினார்.

"யாரு இவன்? பாவம், இந்தக் கெஞ்சு கெஞ்சறான்" என்று சொல்லிவிட்டுத் தாளைத் திருப்பினார்.

அந்த நொடியில்தான், தனக்காகக் காத்திருந்த ஒரே ஆள் காத்திருப்பதை நிறுத்திவிட்டார் என்பது டாக்டரம்மாவுக்கு உறைத்தது.

இயக்குநருக்கு விஷயம் தெரிந்ததும் ஒரு கட்டுரை எழுதச் சொன்னார். தன் பெயரை முதலில் போட்டுக்கொண்டார். இதே சோதனையை வேறொரு கணவரை வைத்துச் செய்து பார்த்தீர்களா என்று கேட்டு ஆய்விதழின் மதிப்பீட்டாளர் அதைத் திருப்பி அனுப்பினார். டாக்டரம்மாவுக்குக் கட்டுரையில் மனம் இல்லை. ஒவ்வொரு பீங்கானுக்கும் ஒரு வெப்பநிலை உண்டு, அதைத் தாண்டிச் சூடாக்கினால் அது கற்றதையெல்லாம் விட்டுவிடும். வீட்டு இயந்திரத்தின் சில்லைக் கழற்றிச் சூளையில் வைத்தார். அன்று அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது கணவர் சுவர்க் கடிகாரத்தை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தார். அவ்வளவுதான். ஆனால் அது போதுமாக இருந்தது. கேள்வி நகரம் முழுக்கப் பொடிப்பொடியாகச் சிதறிக் கிடக்கிறது, பொறுக்கி எடுக்க வேண்டும்.

அதற்குப் பிறகு டாக்டரம்மா வேலை முடிந்ததும் கைப்பையில் திருப்புளியும் ஈயம் பற்றவைக்கும் கோலும் வேறு சில்லுகளும் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தார். குரல் கேட்ட வீட்டுக் கதவைத் தட்டி, கெஞ்சி, கழற்றி, மாற்றிக் கொடுத்தார். கழற்றியதை மறுநாள் சூளையில் வைத்தார். தேடிப் போவதற்கு முகவரி தேவைப்படவில்லை, காதுதான் வேண்டியிருந்தது. இதனால் முன்பைவிட நேரம் கழித்து வீட்டுக்கு வந்தார் என்பதைக் கவனித்தவள் மகள் மட்டும்தான். "அப்பா கூப்பிடறதுக்காக ஊரெல்லாம் சுத்தறே, அவர் பக்கத்துல உக்காரத்தான் உனக்கு நேரமில்லை" என்றாள். மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனாள். தொழிற்சாலை மூடப்பட்டது. டாக்டரம்மாவின் முழங்கால் தேய்ந்தது. கணவர் ஒரு வருஷம் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு ஜன்னல் பக்கம் வந்து நின்றார், இன்னும் சில வருஷம் கழித்து ஒரு மாலை போன் செய்து, எதற்கென்று தெரியாமல் ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டார். அந்த மூச்சுச் சத்தத்தைக் கேட்டு டாக்டரம்மா ஆய்வக ஸ்டூலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

அவர் ஓய்வு பெற்ற வருஷம் ஒரே ஒரு சில்லு பாக்கி இருந்தது. ஒரு பல் வைத்தியர் வீட்டு வாசல் மணியில். வைத்தியர் தொழிலை விட்டு, மனைவியை இழந்து, தனியாக இருந்தார்.

"வேற நல்ல மணி மாட்டித் தரேன் சார்."

"வேணாம்மா. இங்க யாரும் வர்றதில்லை. கடைக்குப் போறப்ப நானே ஒரு தடவை அழுத்திட்டுப் போவேன். அது கேக்கும். வெளியே சுத்தாம வந்துடுவேன்."

"அது என் வீட்டுக்காரர் குரல் சார். மத்த சில்லெல்லாம் எடுத்துட்டேன், இது ஒண்ணுதான் பாக்கி."

வைத்தியர் மணியை ஏறிட்டுப் பார்த்தார். "ரொம்பக் கோவக்காரரோ?"

"அப்ப கோவமாத்தான் இருந்தார்."

"மத்ததெல்லாம் உங்க கைக்கு வந்துடுச்சில்ல? கோவம் இங்கயே இருந்துட்டுப் போகட்டும்மா. எனக்குத் திட்ட ஆளில்லை."

டாக்டரம்மா, கழற்றியிருந்த மணியின் மூடியை மறுபடி வைத்து முடுக்கிவிட்டு, மெதுவாக நடந்து வீட்டுக்கு வந்தார்.

மறுநாள் காலை, பல் விளக்கிவிட்டு வந்த கணவர், முகத்தைத் துடைத்துக்கொண்டே, "இன்னைக்கு சீக்கிரம் வருவியா?" என்று கேட்டார். குரலில் துளியும் கோபம் இல்லை. டாக்டரம்மாவுக்குப் போக ஆய்வகம் இல்லை, சூளை இல்லை, அவசரம் எதுவும் இல்லை. வீட்டில்தான் இருக்கப் போகிறேன் என்று சொல்ல வாயெடுத்தவர், கணவரின் முகத்தைப் பார்த்தார். அந்த முகம் பதிலுக்காகக் காத்திருந்தது.

"வந்துடறேங்க" என்று சொல்லிவிட்டு, புடவை மாற்றி, கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அன்றிலிருந்து தினமும் கிளம்புகிறார். நூலகத்தில் உட்காருவார், பூங்காவில் காலை நீட்டிக்கொள்வார், மழை பெய்தால் பேருந்து நிறுத்தத்தில் ஒதுங்கி நிற்பார். முழங்கால் வலியோடு எதற்கு இந்த அலைச்சல், பேசாமல் வீட்டிலேயே இருக்கக் கூடாதா என்று மகள் போனில் சத்தம் போட்டாள். "வீட்லயே இருந்தா எப்படிடி வர்றது?" என்றார் டாக்டரம்மா. தெருவில் இதை யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை. வெயில் தணியும்போது அவர் தெருமுனையில் திரும்புவார். கணவர் ஜன்னலை விட்டு நகர்ந்து கதவைத் திறக்கப் போவார்.