இளைஞர் சங்கத்தின் கடைசி உறுப்பினர்

அன்று காலை கிகுனோ அக்காவின் வீட்டுத் தள்ளுகதவு நகர மறுத்தது. கூரையில் பனி மிகுந்தால் உத்தரம் தாழ்ந்து கதவுகள் இறுகும். வட ஜப்பானின் எங்கள் அகிதா மலைப்பக்கத்தில் அதற்கு மேலான எச்சரிக்கையை எவரும் எதிர்பார்ப்பதில்லை. எண்பத்தாறு வயதான அவர் சன்னல் வழியே வெளியே வந்திருந்தார். கூரைப் பனியை அகற்ற நான்கு நாள் பொறுக்குமாறு நகராட்சியினர் பணிவுடன் கேட்டுக்கொண்டனர். எனவே என் கணவர் தமோட்சு பனிவாரியை எடுத்துக்கொண்டார்.

நான் மணமாகி வந்தபோது இவ்வூர் இளைஞர் சங்கத்தில் இருபத்து மூன்று ஆண்கள் இருந்தனர். பலர் டோக்கியோவுக்குச் சென்று திரும்பவில்லை. மணப்பெண் கிடைக்காத சிலர் தனியே முதுமையடைந்து இறந்தனர். புதிதாக எவரும் சேராததால் வயது வரம்பை நாற்பதாகவும் அறுபதாகவும் உயர்த்தி, இறுதியில் நீக்கிவிட்டார்கள். இப்போது எழுபத்தொரு வயதான என் கணவரே தலைவர், உறுப்பினரும் அவரே.

"காலு நடுங்குதா தம்பி, ஏணி நடுங்குதா?" என்றார் அக்கா, ஏணியில் கால் வைத்த என் கணவரிடம்.

"ரெண்டும் இல்லக்கா. நீங்க பேசுற பேச்சுல வீடுதான் நடுங்குது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெயில் ஏறியிருந்தது, கூரை விளிம்பு சொட்டிக்கொண்டிருந்தது.

"இன்னிக்கு வேண்டாங்க. பனி மொத்தமா சறுக்கிரும்."

"அதுக்காக, அக்கா தலையில வீடு விழட்டும்னு விட்டுறவா?"

கணவர் ஏறினார்; அவர் இடுப்பில் கட்டிய கயிறு கூரை முகட்டைத் தாண்டி மறுபுறம் இறங்கியது. முன்பு அம்முனையை நான்கு ஆண்கள் பிடிப்பார்கள். அதை என் இடுப்பில் கட்டிக்கொண்டேன். அவர் எழுபது கிலோ, நான் நாற்பத்தொன்று.

மறுபுறத்திலிருந்து அவரைக் காண இயலாது. பனிவாரி உராயும் ஒலியும், பனி விழும் ஒலியும் மாறி மாறிக் கேட்டன. ஒவ்வோர் இடைவெளியிலும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

பின்னர், கனத்த மெத்தையை இழுப்பது போன்ற நீண்ட ஒலி எழுந்தது. கயிறு என்னைச் சுவரோடு மோதவைத்து மேலே தூக்கியது. பாதங்கள் பனியை விட்டு எழுந்தன. அருகில் நின்ற கிகுனோ அக்கா என் இடுப்பைக் கட்டிக்கொண்டு தொங்கினார்.

"ஃபுசாயே!" கூரைக்கு அப்பாலிருந்து என்னை அழைத்த கணவரின் குரல் மெலிந்து வந்தது. "தொங்கிட்டிருக்கேன். ஏணிய இந்தப் பக்கம் நகத்து!"

ஏணியை நகர்த்த எங்களில் ஒருவர் பிடியை விட வேண்டும். ஊரில் கூப்பிடுவதற்கு வேறு எவரும் இல்லை.

"நான் போறேன்," என்றார் அக்கா. "ஒத்தையா தாங்குவியாடி?"

"தாங்குவேன்," என்று பொய் சொன்னேன்.

அவர் தவழ்ந்து சென்றார். சுவரில் முழங்கால்களை ஊன்றிக்கொண்டேன். கயிறு விரற்கடை விரற்கடையாக என்னை மேலேற்றியது. திடீரென அது தளர, பனியில் விழுந்தேன். கணவர் ஏணியில் கால் வைத்தாரா, கீழே விழுந்தாரா?

தொப்பியின்றி, உடலெங்கும் பனியுடன் மூலையைச் சுற்றி வந்தார்.

"பாதி பாக்கி இருக்கு," என்று கயிற்றை இழுத்தார்.

நான் விடவில்லை. பெண்கள் கூரை ஏறும் வழக்கம் எங்களிடம் இல்லை, ஆயினும் சொல்லிவிட்டேன்.

"மிச்சத்துக்கு நான் ஏறுறேன். நீங்கதான் கனம். கீழ இருந்து பிடிங்க."

அவர் மறுப்பாரென எதிர்பார்த்தேன். மாறாக, என் இடுப்பு முடிச்சை அவிழ்த்துக் கட்டினார்; மீண்டும் அவிழ்த்துக் கட்டினார். நாற்பத்தாறு ஆண்டுகளில் அவர் ஒரே முடிச்சை இருமுறை போட்டு நான் பார்த்தது அன்றுதான்.