நடு மருமகள் யார் பக்கம்

சலவைக்கடைக்குள் அந்த நாவல் நுழைந்தது சின்னவளின் கைப்பையில். அட்டையில் தங்க எழுத்து. அதன் கீழே ஒரு மாளிகைப் படிக்கட்டு. படிக்கட்டில் நீலப் பட்டுக் கவுன் தரையைப் பெருக்க, முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் ஒருத்தி. தலைக்கு வைத்துப் படுக்கலாம், அவ்வளவு தடிமன்.

"ஆஸ்பத்திரியில எல்லாரும் படிச்சு முடிச்சாச்சுக்கா. லேப்ல நான் ஒருத்திதான் பாக்கி."

பெரியவள் நீராவி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அட்டையைப் பார்த்தாள். "இந்தப் பட்டு ஒரு சொட்டுத் தண்ணி பட்டாலே கறை விழும். இவ என்னடான்னா படிக்கட்டெல்லாம் இழுத்துக்கிட்டுப் போறா" என்றாள். புத்தகத்தைப் பற்றி அன்றைக்கு அவளுக்குச் சொல்ல இருந்தது அவ்வளவுதான்.

கடைக்கு வருகிறவர்கள் பெரியவளுக்கு வைத்த பட்டப்பெயர் கஞ்சி. சட்டைக் காலருக்குப் போடுகிற கஞ்சியில் கொஞ்சத்தை எடுத்து முகத்துக்கும் போட்டுக்கொண்டாள் என்று பாட்டு டீச்சர் ஒருநாள் சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது. அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. கஞ்சி போட்ட துணி கசங்காது என்பது அவளுக்குத் தெரியும்.

எட்டாம் வகுப்பு படிக்கும்போதே அவள் வீட்டுப் பொறுப்பை ஏற்றவள். அந்த வருடம் அம்மா வீட்டை விட்டுப் போய்விட்டாள். யாரோடும் ஓடிப்போகவில்லை, ஒரு மதியம் பெட்டியை எடுத்துக்கொண்டு போனவள் போனவள்தான். எங்கோ ஒரு ஊரில் பெண்கள் விடுதியில் வார்டனாக இருக்கிறாள் என்று பிற்பாடு தெரியவந்தது. அப்போது சின்னவளுக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்தது. அக்காதான் தலை பின்னிவிட்டாள், பள்ளிக்கு அழைத்துப் போனாள், காய்ச்சலில் பக்கத்தில் படுத்தாள். வீட்டை ஆண்ட அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, "போனவ பேரை இந்த வீட்ல எடுக்கக் கூடாது" என்றார். அத்தை காலமாகிப் பல வருடம் ஆன பிறகும் அந்தச் சட்டம் மட்டும் சாகவில்லை.

சின்னவள் மாலை வேளையில் கடைக்கு வந்து, பில் போடும் மேசையில் உட்கார்ந்து அந்த நாவலைப் படித்தாள். புத்தகம் கண்ணில் பட்டதும் வந்தவர்களுக்கெல்லாம் வாய் திறந்துகொண்டது. ஊரில் பாதிப்பேர் அதைப் படித்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. முத்து வியாபாரம் செய்யும் பெரிய குடும்பம், மூன்று தலைமுறை, பளிங்கு மாளிகை, சொந்தக் கப்பல், விருந்து, வைரம், காதல், சொத்துச் சண்டை. நடுவில் ஒரு மருமகள். மூன்று பேரில் அவள்தான் அழகி. ஒரு விருந்தின் பாதியில், இரண்டு பெண்குழந்தைகளையும் தூங்கவைத்துவிட்டு மாளிகையை விட்டு இறங்கிப் போகிறாள். கடைசி அத்தியாயத்தில் திரும்பி வருகிறாள்.

"நான் மூணு இடத்துல அழுதேன்" என்றார் பாட்டு டீச்சர், மேடைப் புடவைகளை வாங்கிக்கொண்டே. "அவ கார்ல வந்து இறங்குற இடம் இருக்கே, அய்யோ! மூக்கைச் சிந்திக்கிட்டே படிச்சேன்."

கறுப்புக் கோட்டைக் கொண்டுவந்த வக்கீலம்மா உதட்டைப் பிதுக்கினார். "அந்தச் சொத்து வழக்கு இருக்கே, எந்தக் கோர்ட்லயும் அரை நாள் நிக்காது. எல்லாம் கதை. ஆனா கீழே வைக்க முடியல. கேஸ் கட்டை ஓரமா தள்ளிட்டு இதைத்தான் படிச்சேன்."

"அப்போ நல்ல புத்தகமா, இல்லையா?" என்றாள் சின்னவள்.

"நல்ல புத்தகம்னு நான் எங்கே சொன்னேன்? கீழே வைக்க முடியலன்னுதானே சொன்னேன்."

இதையெல்லாம் கேட்டுக் கேட்டு, திட்டுவதற்காகவாவது படித்துத் தொலைக்கலாம் என்று பெரியவள் புத்தகத்தைக் கையில் எடுத்தாள். பாயிலரில் நீராவி ஏறும்வரை ஒரு பக்கம், தேநீர் ஆறும்வரை ஒரு பக்கம் என்றுதான் ஆரம்பம். இரண்டாம் பாகத்துக்கு வந்தபோது தேநீர் தானாக ஆறிக் கிடந்தது. முத்துப் பதித்த மேலங்கியை வெந்நீரில் துவைக்கும் வேலைக்காரியைத் திட்டினாள். அண்ணன் தம்பி சண்டையில் தம்பி பக்கம் சேர்ந்தாள். நடு மருமகள் குழந்தைகளுக்குப் போர்த்திவிட்டு விளக்கை அணைக்கும் பக்கம் வந்ததும் புத்தகத்தைப் பட்டென்று மூடினாள்.

"என்னக்கா?"

"குப்பை. பெத்த பிள்ளைங்களை விட்டுட்டுப் போறாளாம், அதுக்கு நிலா வெளிச்சம் வேற அடிக்குதாம். போறவளுக்கு நிலா எதுக்கு? காலையில எழுந்து அம்மா எங்கேன்னு கேக்குற பிள்ளைக்கு யார் பதில் சொல்றது? அதுக்கு ஒரு பக்கம் எழுதியிருக்காங்களா பாரு."

"எனக்கு அவளைப் பிடிச்சிருக்குக்கா" என்றாள் சின்னவள்.

"உனக்குப் பிடிக்கும். உனக்கு யார் தலை பின்னிவிட்டா?"

"நீதான். அதை நான் மறக்கல. ஆனா..." சின்னவள் விரலால் மேசை விளிம்பைத் தடவினாள். "கல்யாணத்துக்கு அம்மாவைக் கூப்பிடலாம்னு இருக்கேன்."

சின்னவளுக்கு அடுத்த மாதம் பதிவுத் திருமணம். மாப்பிள்ளை அதே ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து நிபுணர். ஆள் பேசினாலே தூக்கம் வரும் என்று சின்னவளே கேலி செய்வாள். யார் யாரை அழைப்பது என்று அக்காளும் தங்கையும் பேசியபோதெல்லாம் ஒரு பெயர் மட்டும் இருவர் வாயிலும் வராமல் இருந்தது. இன்றைக்கு வந்துவிட்டது.

"நாவலைப் படிச்சுட்டு நாடகம் ஆடாதே" என்றாள் பெரியவள். "அவங்க வந்தா நான் வரமாட்டேன். யார் வேணும்னு நீயே முடிவு பண்ணிக்கோ."

சின்னவள் கண் கலங்கிப் போனாள். புத்தகம் மேசைமேலேயே கிடந்தது.

அப்பா கடையின் பின்பக்கம், கறை எடுக்கும் மேசையில் இருப்பார். அவருடைய பேச்சு முழுக்க எண்ணெய்க் கறை, மைக் கறை, துருக் கறை பற்றித்தான். இரண்டு மகள்களும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளாத அந்த நாட்களில் அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அந்த நாவலை எடுத்தார். உதட்டை அசைத்து அசைத்து, எழுத்துக்கூட்டுகிறவரைப் போல மெதுவாகப் படித்தார். பெரியவள் பார்த்தும் பார்க்காதவளாக இருந்தாள்.

ஒருநாள் கடை சாத்தும் நேரத்தில் புத்தகத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"எப்படிப்பா இருக்கு?" பெரியவளுக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"பணக்காரங்க கதை. பாதி நம்புற மாதிரி இல்ல" என்றார். துணி மாட்டும் கம்பியைப் பார்த்துக்கொண்டே, "ஆனா எழுதினவங்களுக்கு அந்தப் பொண்ணோட புருஷனை நல்லாத் தெரிஞ்சிருக்கு" என்றார்.

"அவன் எங்கே வர்றான்? அவனுக்கு வசனமே கிடையாதே."

"அதான் சொல்றேன். அவனோட அக்கா பேசுவா, அப்பா பேசுவாரு, அவன் சாப்பிட்டுட்டு எழுந்து போவான். அவ போற வரைக்கும் உனக்கு என்ன வேணும்னு ஒரு வார்த்தை கேக்கல." அவர் விளக்கை அணைத்தார். "நான் அவ பக்கம்மா" என்றார் இருட்டில்.

அப்பா ஒருவர் பக்கம் சாய்ந்து பேசி அவள் கேட்டதே இல்லை. மறுநாள் பெரியவள் விட்ட இடத்திலிருந்து படித்து, கடைசிவரை படித்து முடித்தாள். கோபம் குறையவில்லை. ஆனால் முன்பு முழுதாக இருந்த கோபம் இப்போது அங்கங்கே கிழிந்திருந்தது.

அந்த வாரமே, கூட்டமில்லாத ஒரு பிற்பகலில், சாம்பல் நிற உடையில் ஒரு அம்மாள் கடைக்குள் வந்து நின்றார். கையில் துணிப்பை எதுவும் இல்லை. பெரியவள் வழக்கம்போல, "டெலிவரியா?" என்று கேட்டுவிட்டு நிமிர்ந்தாள். நெற்றியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. தினமும் கண்ணாடியில் பார்க்கிற நெற்றி.

"சின்னவ போன் பண்ணியிருந்தா" என்றாள் அம்மா. "உன்கிட்ட நேர்ல கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன். நீ வேண்டாம்னு சொன்னா நான் கல்யாணத்துக்கு வரல. அவகிட்ட எனக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லிக்கிறேன். உன் மேல பழி வராது."

இத்தனை வருடம் மனசுக்குள் ஒத்திகை பார்த்த வசனத்தையெல்லாம் விட்டுவிட்டு, பெரியவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருங்க" என்றாள். அந்த 'ங்க' அம்மாவின் முகத்தில் லேசாகப் பட்டுத் தெறித்தது. அம்மா உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்துக்கு முன்னால், மேசைமேல் நாவல் இருந்தது.

"நானும் படிச்சேன். ஹாஸ்டல் பொண்ணுங்க கொடுத்தாங்க."

"உங்களுக்குப் பிடிச்சிருக்குமே" என்றாள் பெரியவள். ஊசி குத்துவதுபோல்தான் சொன்னாள்.

"எனக்கா? அவளைக் கண்டாலே ஆகல" என்றாள் அம்மா. "கடைசியில வெள்ளைப் பட்டுல வந்து கார்ல இறங்குறா. எல்லாரும் படிக்கட்டுல வரிசையா நிக்கிறாங்க. பொண்ணு ஓடிவந்து கட்டிப் பிடிக்குது. எதுக்குக் கட்டிப் பிடிக்கணும்? அந்தப் பொண்ணுக்குக் காய்ச்சல் வந்தப்போ இவ எங்கே இருந்தா? எழுதினவங்க அந்தப் பொண்ணை நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி ஒரு கேள்வி கேக்க விட்டாங்களா? விடல. நான் புத்தகத்தை மூடி வெச்சுட்டேன்."

வரிக்கு வரி பெரியவளின் கட்சிதான். தலையாட்டியிருக்க வேண்டும். ஆனால் அம்மாவின் வாயிலிருந்து அதைக் கேட்டபோது அவளுக்கு ஏனோ பொறுக்கவில்லை.

"அதுக்காக அவ வராமலே இருந்திருக்கணுமா?"

"வந்திருக்கலாம். பின்வாசல் வழியா வந்திருக்கலாம்."

"ஏன் பின்வாசல்? அது அவ வீடும்தானே! முதல் மழைக்கே அவ வந்து வாசல்ல நின்னா. மாமனார் கதவைத் திறக்கக் கூடாதுன்னுட்டார். அந்த இடத்தை நீ படிக்கலையா?"

நீ என்று வந்துவிட்டது. இருவரும் அதைக் கவனித்தார்கள். இருவரும் கவனிக்காததுபோல் இருந்தார்கள்.

"படிச்சேன்" என்றாள் அம்மா. "ஒருதரம் வந்தா. திறக்கலன்னதும் போயிட்டா. திரும்பவும் வந்து தட்டியிருக்கணும்."

இஸ்திரி மேசையின் அடியில் நீராவிக் குழாய் உஸ்ஸென்றது. பெரியவள் அதைத் திருகி அடைத்தாள்.

"நீ எத்தனை தரம் வந்தே?"

அம்மா கைகளைப் பார்த்துக்கொண்டாள். "வீட்டுக்கு ஒருதரம். உங்க அத்தை திறக்கல. அப்புறம் உங்க பள்ளிக்கூடத்துக்கு எதிர்ல வந்து நிப்பேன். அடிக்கடி நிப்பேன். நீ அவ கையைப் பிடிச்சுக்கிட்டு வருவே. வகிடு கோணாம பின்னிவிட்டிருப்பே. கூப்பிடணும்னு வாய் வரைக்கும் வரும். கூப்பிட்டா என்ன சொல்றது? கூட வாங்கன்னு சொல்ல எனக்கு ஒரு அறைகூடக் கிடையாது அப்போ. அறை கிடைச்சப்போ உனக்கு முகம் மாறியிருந்துச்சு. பயந்துட்டேன்."

"பயப்படாம கூப்பிட்டிருக்கணும்" என்றாள் பெரியவள். "நான் வந்திருக்க மாட்டேன். திட்டியிருப்பேன். ஆனா கூப்பிட்டிருக்கணும்."

"ஆமா" என்றாள் அம்மா. "அது என் தப்புதான்."

அந்த நேரம் பார்த்து வக்கீலம்மா கோட்டை வாங்கிப்போக உள்ளே வந்தார். நாவலையும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரையும் பார்த்ததும் அவருக்குக் கோட்டு மறந்துபோனது.

"நீங்களும் படிச்சாச்சா? சொல்லுங்க, நடு மருமகள் பண்ணினது சரியா தப்பா? நான் அவளுக்காகத்தான் வாதாடுவேன்."

"அப்போ நான் எதிர்த்தரப்பு" என்றாள் அம்மா.

"அடேயப்பா! கஞ்சி மாதிரியே பேசறீங்களே. நீங்க யாரு?"

பெரியவள் கோட்டை உறையில் போட்டு, கொக்கியில் மாட்டி, வக்கீலம்மாவிடம் நீட்டினாள்.

"இவங்க எங்க அம்மா" என்றாள்.

கறை மேசையிலிருந்து ஏதோ கீழே விழும் சத்தம் கேட்டது. அப்பா எட்டிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இரண்டு கோப்பைத் தேநீரோடு வந்தார். ஒன்றை அம்மாவுக்கு முன்னால் வைத்துவிட்டு, மற்றதை யாருக்கு என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

கல்யாணத்துக்கு அம்மா வந்தாள். பதிவாளர் அலுவலகத்தில் கடைசி வரிசையில்தான் உட்கார்ந்தாள். பெரியவளும் முன்னால் வா என்று அழைக்கவில்லை. மாப்பிள்ளை கையெழுத்துப் போடும் இடத்தைத் தவறவிட்டு வேறு கட்டத்தில் போட, எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தபடி பெரியவள் திரும்பிப் பார்த்தபோது, அம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். சின்னவளுக்கு அன்று காலை தலை அலங்காரம் செய்தது அக்காதான். அதை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க அவள் தயாராக இல்லை.

சாயங்காலம் பேருந்து நிலையம்வரை பெரியவள்தான் கூட்டிப்போனாள். பேருந்து வர நேரமாயிற்று. கேட்க வேண்டியவை இன்னும் மலைபோல் கிடந்தன. அதை ஒரே நாளில் அள்ள முடியாது என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

"அடுத்த மாசம் ஹாஸ்டல் லீவு விடுறாங்க" என்றாள் அம்மா, படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு. "ஒருநாள் வந்துட்டுப் போகட்டுமா?"

நடத்துனர் விசில் ஊதினார்.

"வா. வர்றதுக்கு முன்னாடி போன் பண்ணிட்டு வா. சின்னவளுக்கு வேண்டாம், எனக்குப் பண்ணு" என்றாள்.