பிளேனுக்கென்று வைத்த காற்று

அடுப்படியில் அரிசி மூட்டையை முன்னால் இழுத்து, சுவருக்கும் மூட்டைக்கும் நடுவே மெஷினைத் திணித்து, மேலே ஒரு பழைய போர்வையையும் போட்டு மூடினாள் மாதேஸ்வரி. வாசலில் செருப்புச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. கூடத்தில் அப்பா சென்றாயனின் உடலைப் பாயில் கிடத்தியிருந்தார்கள். அம்மா ஜோதியம்மாள் அவர் காலடியில் உட்கார்ந்திருந்தாள். அழுகை இல்லை, ஒரு வார்த்தை இல்லை. நாலு திட்டு திட்டினால்கூடத் தேவலை. நடந்தது அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும், அந்த வாய் எப்போது திறக்குமோ தெரியவில்லை.

மெஷின் என்றால் பெரிய சாமான் ஒன்றும் இல்லை. தோளில் மாட்டுகிற பை அளவுதான். வெளிக்காற்றை இழுத்து ஆக்ஸிஜனைப் பிரித்து மூக்குக் குழாயில் விடும், பேட்டரியில் ஓடும். பெங்களூரில் வாடகைக்கு எடுத்தது. சிலிண்டரைப் பிளேனில் ஏற்றவே மாட்டோம், இந்த மாதிரி மெஷின்தான் ஏற்றுவோம், அதிலும் பறக்கிற நேரத்துக்கு மேலேயே சார்ஜ் தாங்க வேண்டும் என்று பிளேன் கம்பெனிப் பெண் போனில் கறாராகச் சொல்லியிருந்தாள். கூடவே டாக்டர் கடிதமும் வேண்டுமாம்.

சென்றாயன் பர்கூர்ப் பக்கம் கிரானைட் குவாரியில் கல்லுக்குத் துளை போட்டே ஆயுசைக் கழித்த மனுஷன். கல் தூசி உள்ளே போய் நெஞ்சை அடைத்துக்கொண்டது. வீட்டில் கரண்டில் ஓடுகிற பெரிய மெஷின் ஒன்று ராப்பகலாக அவர் பக்கத்தில் உறுமிக்கொண்டே இருக்கும். கரண்டு போனால் ஆபத்துக்கு ஒரு சிலிண்டர்.

அந்தமான் போகலாம் என்றது மாதேஸ்வரிதான். ஓசூரில் ஸ்கூட்டருக்குப் பேட்டரி கட்டுகிற கம்பெனியில் லைனில் நிற்கிறவள் அவள். கூட வேலை செய்கிற பெண்கள் எல்லாம் அப்பா அம்மாவைக் கடலில் நிற்க வைத்துப் போட்டோ போடுகிறார்கள், என் அப்பன் மட்டும் இந்த மத்திகிரி வாடகை வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டு கிடக்கணுமா என்று அவளுக்கு ஒரு வீம்பு. சித்தப்பா கோவிந்தன் அப்போதே எகிறினார்.

“மூச்சு வுடவே முடியாத மனுசன ஆகாசத்துல ஏத்தறியா பாப்பா? எதுனா ஒண்ணு ஆச்சுன்னா உன்னத்தான் கேப்பன். சொல்லிட்டன்.”

சென்றாயன் சிரித்துவிட்டு மகள் பக்கம் திரும்பினார். “மேலேருந்து பாத்தா நம்ம குவாரி தெரியுமா?”

“தெரியும்பா. ஜன்னல் சீட்டுதான்.”

ஜன்னல் சீட்டா என்பதே அவளுக்குத் தெரியாது. ஆனால் அன்றிலிருந்து மனுஷனுக்குப் பிளேன் மேல் ஒரு பிடிப்பு வந்துவிட்டது. வாங்கின செருப்பைக்கூட யாருடைய கல்யாணத்துக்காவது போடலாம் என்று அட்டைப் பெட்டியிலேயே வைத்திருக்கிற ஆள். மெஷின் வந்ததும் துண்டால் துடைத்துக் கட்டில் மேல் வைத்தார். யாரும் தொடக் கூடாது, பிளேன் ஏறி உட்கார்ந்துதான் போடணும் என்றார். மாதேஸ்வரியும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள்.

இன்று சாயங்காலம் டாக்ஸி வருவதாக இருந்தது. ஊருக்குத்தானே போகிறோம், இது எதற்கு இடத்தை அடைத்துக்கொண்டு என்று சிலிண்டரைக் காலையிலேயே ஆட்டோவில் ஏற்றிக் கடையில் திருப்பிக் கொடுத்தாள். அப்படியே டாக்டர் கடிதத்துக்காக ஆஸ்பத்திரியில் போய் உட்கார்ந்தாள். இன்றைக்கு மாதாந்திரப் பராமரிப்பு, பகல் முழுக்கக் கரண்டு இருக்காது என்று தெருக்காரர்கள் வாட்ஸ்அப்பில் நேற்றே போட்டிருந்தார்கள். பெட்டி கட்டுகிற அவசரத்தில் அதை யார் பார்த்தார்கள்?

அம்மா போன் செய்தாள்.

“கரண்டு போயிடுச்சு மாதேசு. சாயங்காலம்தான் வருமாம், வீட்டுக்காரம்மா சொல்றாங்க. மெஷினு நின்னுடுச்சு. அந்தச் சின்னதப் போடட்டா?”

மாதேஸ்வரியின் தலைக்குள் ஏர்போர்ட் கவுண்டர்தான் வந்து நின்றது. இப்போது போட்டால் சாயங்காலத்துக்குள் பேட்டரி இறங்கிவிடும். திரும்ப ஏற்றக் கரண்டு இல்லை. சார்ஜ் இல்லாத மெஷினைப் பார்த்தால் திரும்பிப் போ என்று எல்லார் முன்னாலும் அனுப்பிவிடுவார்கள். சித்தப்பா சொன்னதே நடந்துவிடும்.

“வேணாம்மா. அதத் தொடாத. அப்பறம் பிளேன்ல ஏத்த மாட்டாங்க. நான் போயி சிலிண்டரத் திரும்ப வாங்கிக்கினு வந்துடறன். அப்பாவ நிமிந்து உக்காரச் சொல்லு. பேச வேணாம்னு சொல்லு.”

பின்னாலிருந்து அப்பாவின் குரல், விட்டு விட்டுக் கேட்டது. “அது சொல்ற... மாதிரி... கேளு.”

சிலிண்டர் கடைக்காரன் டீக்குப் போயிருந்தான். அவனைத் தேடிப் பிடித்து, ஆட்டோ பிடித்து வந்தால் பஸ் ஸ்டாண்டு பக்கம் லாரிகள் கோத்துக்கொண்டு நின்றன. சிலிண்டரை இரண்டு கால்களுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, சாமி சாமி என்று முனகிக்கொண்டே வந்தாள். மறுபடியும் போன் வந்தது. அம்மா எதுவும் பேசவில்லை. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. கேட்டது அம்மாவுடைய மூச்சு மட்டும்தான் என்று புரிந்தபோது அவள் சிலிண்டரை இரண்டு கைகளாலும் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

சொன்னபடியே அப்பா சுவரில் சாய்ந்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாரித்துக் கிடந்தது. கட்டில் மேல் மெஷின் பை, ஜிப்பைக்கூட யாரும் திறக்கவில்லை.

அதை ஒளித்து வைக்கத் தூக்கியபோதுதான் பையின் பக்கவாட்டில் ஒரு ஒயர் கையில் தட்டுப்பட்டது. காரில் சொருகிச் சார்ஜ் ஏற்றுகிற ஒயர். பெங்களூர் ஏர்போர்ட் வரைக்கும் டாக்ஸியிலேயே ஏற்றிக்கொண்டு போயிருக்கலாம். நாள் முழுக்கப் பேட்டரியில் கை வைத்துச் சம்பளம் வாங்குகிறவளுக்கு இது தோன்றவில்லை. அய்யோ, தோன்றவே இல்லையே. அவள் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படியிலேயே குந்திவிட்டாள்.

கோவிந்தன் பர்கூரிலிருந்து வந்து இறங்கினார். அண்ணன் மேல் விழுந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அவர் அழுகிற வரைக்கும் மாதேஸ்வரிக்குக் கொஞ்சம் ஆசுவாசமாக இருந்தது. பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார்.

“எப்பிடி ஆச்சு? நேத்து போன்ல நல்லாத்தான பேசினாரு?”

“கரண்டு போயிடுச்சுங்க” என்றாள் வீட்டுச் சொந்தக்காரி பாப்பம்மா.

“சிலிண்டரு இங்கதான நிக்குது?”

“அது அப்பறம் வந்துச்சு. ஆனா சின்ன மெஷினு ஒண்ணு இருந்துச்சே மாதேசு, பேட்டரில ஓடறது? காட்டுனியே எனக்கு?”

பாப்பம்மா கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. கோவிந்தன் மாதேஸ்வரியின் முகத்தையே பார்த்தார்.

“அதப் போட்டீங்களா இல்லியா பாப்பா?”

மாதேஸ்வரி அடுப்படிப் பக்கம் பார்த்தாள். சொல்லிவிடலாம், சொல்லிவிட்டால் அடிக்கட்டும், கொல்லட்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

“போட்டன்” என்றாள் ஜோதியம்மாள்.

எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள். அவள் புருஷனின் கால் விரல்களைப் பார்த்தபடியே பேசினாள்.

“கரண்டு போனதும் போட்டன் கோவிந்தா. மாதேசுதான் போன்ல சொன்னா, ஒடனே போடும்மான்னு. போட்டும் உசுரு நிக்கல.”

கோவிந்தன் தலை கவிழ்ந்தது. “அப்ப அவ்வளவுதான்” என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டார். பிறகு, “புள்ள என்ன பண்ணும் பாவம்” என்று மாதேஸ்வரியின் தலையில் கையை வைத்தார். அந்தக் கை நெருப்பாகச் சுட்டது. அம்மா ஒரு தடவையாவது தன் பக்கம் பார்ப்பாளா என்று அவள் பார்த்தாள். ஜோதியம்மாள் பார்க்கவில்லை.

குளிப்பாட்ட நேரமாகிவிட்டது என்று ஆம்பளைகள் குடத்தைத் தூக்கினார்கள். பெண்கள் வந்து ஜோதியம்மாளை எழுப்பக் குனிந்தபோது அவள் அவர்களை விலக்கிவிட்டுக் கையை மகள் பக்கம் நீட்டினாள். மாதேஸ்வரி பிடித்துத் தூக்கினாள். அம்மாவின் விரல்கள் அவள் மணிக்கட்டைச் சுற்றி இறுகின. கண்ணாடி வளையல்கள் சதையில் அழுந்தின. எழுந்து நின்ற பிறகும் பிடி தளரவில்லை. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் இரண்டு பேரும் வாசலுக்கு நடந்தார்கள்.