மப்ரூக்கா கேட்க வந்தது

சிறை ஆஸ்பத்திரியில், தலையணையைச் சரிசெய்யக் குனிந்த காவலர் மொஞ்சியின் கையை லஸ்ஹர் கடித்தான். மப்ரூக்கா அப்போதுதான் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டிருந்தாள், இன்னும் உட்காரவில்லை. அவனுடைய இடது கை கட்டில் கம்பியோடு விலங்கிடப்பட்டிருந்தது. ஈரல் கெட்டு, வயிறு வீங்கி, மூன்று நாளாகத் தண்ணீர்கூடச் சரியாக இறங்காத உடம்பு. பல்லில் மட்டும் அத்தனை பலம். இரண்டு பேர் சேர்ந்துதான் தாடையை விலக்க முடிந்தது. கடித்த நேரம் முழுக்க அவன் கண்கள் மொஞ்சியைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தன.

அவளை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். பதினொரு வருடங்களுக்குப் பிறகு தம்பியை அவள் பார்த்தது அவ்வளவுதான்.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். அவள் புருஷன் பஷீரைக் கொன்றவன் லஸ்ஹர். அவர்கள் ஊரான காபெஸில், ஜூலை மாதத்து மதியம். சாப்பிட்டு முடித்து ஆண்கள் இருவரும் முற்றத்தில் தர்பூசணி வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் உள்ளே தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் சிரித்தது கேட்டது. கொஞ்ச நேரம் பேச்சுக் குரல். பிறகு நாற்காலி சாய்ந்த சத்தம். ஓடிவந்து பார்த்தபோது பஷீர் தரையில் கிடந்தான். லஸ்ஹர் கத்தியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், வாயில் பழத்தை மென்றபடி.

ஏன் என்று போலீஸ் கேட்டது, நீதிபதி கேட்டார். அவன் வாயே திறக்கவில்லை. ஆயுள் தண்டனை. உள்ளே போயும் அடங்கவில்லை. ஒருவனுடைய கையை முறித்தான், இன்னொருவனுடைய முகத்தில் கொதிக்கும் தேநீரை ஊற்றினான். குடும்பம் அவனைக் கைகழுவிவிட்டது.

மப்ரூக்கா மட்டும் அவனைப் பார்க்கப் போனாள். அவள் மன்னித்துவிட்டதாக ஊர் நினைத்தது. மகள் ஒரு வருடம் அவளோடு பேசாமல் இருந்தாள். மப்ரூக்கா மன்னிக்கவில்லை. அந்தச் சிரிப்புக்கும் நாற்காலி சாய்ந்ததற்கும் நடுவில் என்ன பேசினார்கள் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். சிறைக்கு வெறுங்கையோடு போகிற வழக்கம் இல்லை என்பதால் கூடையில் குஸ்குஸும் பொரித்த மீனும் கொண்டுபோவாள். வாசலில் ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான்: ஆளைத் தனிக்கொட்டடியில் போட்டிருக்கிறது, பார்க்க முடியாது, கூடையும் உள்ளே போகாது. திரும்பும் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர்கள் அந்த மீனைத் தின்றார்கள்.

அன்று மதியத் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் முன்பே லஸ்ஹர் இறந்துபோனான்.

மொஞ்சி கையில் கட்டோடு வந்து பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார். ஓய்வுபெறும் வயது.

"தங்கச்சி, ஒண்ணு சொல்றேன். வியாழக்கிழமை பாக்க வர்றவங்க பேரை புதன்கிழமையே வாசிப்போம். உன் பேரு வந்துச்சுன்னா, சாப்பாட்டு மணிக்குள்ள எவனையாவது அடிச்சுருவான். ஒரு தடவகூட தவறினதில்ல."

மற்ற வாரங்களில் சும்மா இருப்பானா என்று அவள் கேட்டாள்.

"எங்க? அப்பவும் அடிப்பான். நல்லவன்னு நெனச்சுக்காத. ஆனா அதெல்லாம் கோவத்துல அடிக்கிறது. உன் பேரு வந்த அன்னிக்கு மூஞ்சில கோவமே இருக்காது. ஏதோ வேலைக்குப் போற மாதிரி எழுந்து போவான்."

"ஏன்னு கேட்டீங்களாண்ணே?"

"கேட்டேன்." மொஞ்சி கீழுதட்டை விரலால் இழுத்துக் காட்டினார். முன்பற்கள் இரண்டு இல்லை. மப்ரூக்கா குனிந்து, அந்த ஈறை வெகுநேரம் உற்றுப் பார்த்தாள்.

அவள் கேட்கத்தான் வருகிறாள் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. பதில் அவளிடம் சொல்லக்கூடாததா? இல்லை, சொல்ல ஒன்றுமே இல்லாமலிருந்ததா?

உடலை ஒப்படைக்கும் அறையில் குமாஸ்தா தடித்த கோப்பைத் திறந்து வைத்திருந்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி இரண்டு தாள்களை மாறி மாறிப் பார்த்தார்.

"உங்க பேரு ரெண்டு இடத்துல வருதும்மா. ஒண்ணுல இறந்தவரோட அக்கா. ஒண்ணுல கொலையானவரோட மனைவி. ரெண்டும் ஒரே ஆளா?"

"ஒரே ஆளுதான்."

அவர் தேநீர் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார். அக்கா என்று இருந்த வரியில் விரலை வைத்தார். அவள் கையெழுத்துப் போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுக்காமல் கேட்டாள்.

"இதுல எங்கயாவது, ஏன் செஞ்சான்னு எழுதியிருக்கா?"

வெளியாட்களுக்குக் காட்டக்கூடாது என்றார் குமாஸ்தா. அவள் எழுந்திருக்கவில்லை. அவர் கோப்பை மெல்ல அவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, ஜன்னலருகே போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

மப்ரூக்கா விரலை நாக்கில் தொட்டு முதல் தாளைப் புரட்டினாள். கீழே முற்றத்தில் பிணவண்டி ஒருமுறை ஹாரன் அடித்தது. அவள் இரண்டாம் தாளுக்குப் போனாள்.