குதிரையின் பின்கால்கள்

ஐலிக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. பகலெல்லாம் ஆஸ்பத்திரிச் சலவையறையில் ஈரப் போர்வை தூக்கிய இடுப்பு. இப்போது இருவர் ஆடும் குதிரை வேடத்துக்குள் பின்கால்களாய்க் குனிந்து, முன்கால்களாய் நின்ற டொய்வோவின் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

திரைக்கு வெளியே இயக்குநர் கெண்ட்ரா பிள்ளைகளுக்கு நாடகக் குழுவின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். இரும்புத்தாதுக் கப்பல்துறையில் வேலைநிறுத்தம் நடந்த குளிர்காலம். சர்ச் நிலவறையில் சூப்பு வேகும்வரை பசித்த பிள்ளைகளுக்கு டொய்வோ குதிரையாட்டம் காட்டியது. நிவாரணப் போர்வைகளில் தைத்த அதே குதிரை இன்றும் ஆடுவது.

"தைச்சது யாருன்னு சொல்றாளா பாரு" என்றாள் ஐலி.

"சொல்லுவா, பொறு" என்றான் டொய்வோ.

தைத்தது ஐலி என்று கெண்ட்ரா சொல்லவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் யார் தலை, யார் பின்கால் என்று சீட்டுக் குலுக்கியதில் தலை அவனுக்கு விழுந்தது. "அடுத்த வருசம் தலை உனக்கு" என்றான். அடுத்த வருசம் அவன் அம்மா செத்துப்போனாள். போகட்டும் என்று விட்டாள் ஐலி. அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. இப்போது இரண்டு வருசமாய் அவனுக்குக் கண் தெரியவில்லை. இது ஐலிக்கு மட்டும்தான் தெரியும். குதிரை வயிற்றுத் தையலைப் பிரித்து, வெளியே பார்க்க ஓட்டை வைத்திருந்தாள். பெல்ட்டை இடப்பக்கம் இழுத்தால் இடம், வலப்பக்கம் இழுத்தால் வலம். வெளியே தெரிந்தால் அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீடென்று அவனுக்கு இருப்பது ஒற்றை அறையும் டிவியும்.

திரை விலகியது. கேரட்டோடு காத்திருந்த முன்வரிசைப் பிள்ளைகள் கத்திய கத்தலில் டொய்வோ கூடுதலாய் ஓரடி வைத்துவிட்டான். ஓட்டை வழியே மேடை விளிம்பு தெரிந்தது. ஐலி பெல்ட்டை இழுத்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். குதிரையும் பொத்தென்று குந்தியது. அரங்கம் சிரித்து உருண்டது.

"நல்லாயிருக்கு, தினமும் இதையே பண்ணுங்க" என்று ஓரத்திலிருந்து கிசுகிசுத்தாள் கெண்ட்ரா.

உள்ளே டொய்வோ மூச்சு வாங்கினான். "விளிம்பா?"

"இன்னும் ஓரடிதான்."

"நாளைக்குத் தலைய நீ எடுத்துக்க, ஐலி."

"பின்னால நின்னு யாருய்யா ஓட்டுவா? நீயா?"

அவன் குலுங்கிச் சிரித்தது பெல்ட்டில் தெரிந்தது. சின்னக் கைகள் குதிரை வாயில் கேரட்டைத் திணித்தன. ஒன்றை வாங்கி, இருட்டில் தடவிப் பின்னால் நீட்டினான். ஐலி கடித்தாள். தலையை ஒரு தடவையாவது அவளுக்குத் தரவேண்டிய பாக்கி அப்படியே இருந்தது.